1993 வைகை வெள்ளம்: அப்போது வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மதுரை நண்பர்களுக்கு வணக்கம். வைகை அணையில் 66, 68.5, 69 அடி என்று மூன்று முறை எச்சரிக்கை விடுவார்கள். கரையோர மக்கள் மேடேறிவிடலாம். துணை மின்நிலையம் எங்கே போகும்? கரண்ட் போனால் குடிநீர் பம்ப் நிற்கும், பேட்டரி தீர்ந்ததும் செல்போன் டவர் படுத்துவிடும், அப்புறம் டீசல் லாரி வராவிட்டால் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் அம்பேல். ஒன்று விழுந்தால் அடுத்தது எது என்பதைத்தான் சிவில், எலெக்ட்ரிக்கல் ஆட்கள் சிலர் சேர்ந்து ஆராய்கிறோம்.

1993 வெள்ளத்தில் மின்வாரியத்திலோ மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவிலோ வேலை பார்த்த பெரியவர்கள் அரை மணி நேரம் பேசுவார்களா? செல்லூர்க்காரர்கள், 2024 அக்டோபர் மழையில் உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று சொன்னாலே போதும்.

நிலையங்களின் உட்புறப் படம், காவல் விவரம் எதையும் இங்கே போட வேண்டாம். நாசவேலைக்கு நோட்டம் பார்ப்பவனும் இதையெல்லாம் படிப்பான்.