கம்பியைக் காணோமே, தம்பி

புகைப்படப் போட்டிக்கு அனுப்பும் படங்களில் எந்த அளவுக்கு எடிட்டிங் செய்யலாம் என்ற பேச்சு வந்ததால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

திருவையாறு பக்கம் ஒரு குறுவை நடவு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள், வரப்பில் நாற்றுமுடிகள், சேற்றில் கொக்குகள். வானத்தில் மட்டும் குறுக்கே இரண்டு மின்கம்பிகள், ஓரத்தில் ஒரு சாய்ந்த கம்பம். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தைச் சரிசெய்தேன், ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி க்ராப் செய்தேன். அப்புறம் கம்பிகளையும் கம்பத்தையும் அழித்தேன். பத்து நிமிட வேலை.

போட்டி விதியில் ‘அடிப்படைத் திருத்தங்கள் மட்டும்’ என்று இருந்தது. கம்பியை எடுப்பதும் அதில் சேரும் என்றே நம்பினேன். கடைசிச் சுற்றில் ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிவான திருத்தாத மூலப்படம் கேட்டார்கள், அனுப்பினேன். படத்தை நீக்கிவிட்டதாக ஒரு வரி மெயில் வந்தது. பல நாள் கோபம் ஆறவில்லை.

அந்தப் படத்தையே பிரிண்ட் போட்டு வயல்காரப் பெரியவரிடம் கொடுக்கப் போனேன். வெகுநேரம் பார்த்தார். “கம்பியைக் காணோமே, தம்பி?” என்றார். அந்த வருடம், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. அவர் நட்டது மோட்டார் போட்டு இறைத்த போர்வெல் தண்ணீரில். அந்தக் கரண்ட் லைன் வாங்க அவர் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார். “அது இல்லேன்னா இந்த நடவே இல்லியே” என்றார். நடுவர்கள் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேதான் போனது.

2010-இல், செய்திப் படங்களுக்கான உலகளாவிய வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் பரிசு பெற்ற படத்தொடர் ஒன்றைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதில் ஒரு படத்தைப் பெரிய அளவில் க்ராப் செய்து, கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார் எடுத்தவர். அதெல்லாம் பிரச்சினையாகவில்லை. பின்னால் தெரிந்த ஒருவரின் பாதத்தில் ஒரு சிறு பகுதியை அழித்ததுதான் குற்றமானது. முன்பு இதைப் படித்தபோது அநியாயம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

போன வருடம் நண்பர்கள் நடத்திய சின்னப் போட்டிக்கு நான்தான் விதி எழுதினேன். வெளிச்சம், க்ராப், சாய்வை நேராக்குவது, கேமரா சென்சாரில் படிந்த தூசியின் புள்ளிகளை எடுப்பது எல்லாம் சரி. காட்சியில் இருந்ததை எடுக்கக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது. இது போதும் என்று நினைத்தேன். கோடியக்கரையிலிருந்து ஒரு பூநாரை (ஃபிளமிங்கோ) படம் வந்தது. கூட்டம் முழுக்க ஒரே ரோஜா நிறம். பூநாரையின் இளம் பறவைகள் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும், நிறம் ஏற வருடங்கள் ஆகும். ரா ஃபைலைக் கேட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் இளம் பறவைகள். எதையும் எடுக்கவில்லை, சேர்க்கவுமில்லை. நிறம் மட்டும் ஏற்றப்பட்டிருந்தது. ஆனாலும் அங்கே இல்லாத ஒரு கூட்டம் படத்தில் நின்றது.

படத்தைப் போட்டியிலிருந்து நிறுத்தினோம். எடுத்தவன் கல்லூரிப் பையன். மெயில் அனுப்பாமல் நேரில் வரச்சொல்லி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பேசினேன். நிறம் பற்றி விதியில் தெளிவாக எழுதாதது என் தவறு என்பதையும் அவனிடம் சொன்னேன்.