பசார் செனி போன அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

செந்தூல்வாசி:

கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் சென்ட்ரல் மார்க்கெட்டை, அதாவது பசார் செனியை, உள்ளே போய் நிதானமாகச் சுற்றிப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் பாதிப் பேர் கை தூக்க மாட்டார்கள். "அது டூரிஸ்ட்டு வந்து கீ செயின் வாங்குற இடம் லா" என்று முடித்துவிடுவார்கள். நானும் ரயிலை விட்டு இறங்கினால் நேரே மாரியம்மன் கோயில் பக்கம் நடப்பவன்தான்.

என் தாய்மாமா ஈப்போவிலிருந்து வந்திருந்தார். 70-களில் இங்கே லெபோ அம்பாங் தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர், விடியற்காலையில் மீனும் காய்கறியும் எடுக்க இங்கேதான் வருவாராம். 1888-இல் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையாகத் தொடங்கிய இடம், இப்போது நிற்கிற கட்டடம் 1937-இல் எழுந்தது. ஊர் வளர்ந்த பிறகு இடிக்கப் பார்த்தார்கள், பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்து நிறுத்தினார்கள், 80-களின் நடுவில் கைவினைப் பொருள் சந்தையாக மாற்றினார்கள். மாமா அதற்கு முன்பே ஈப்போவுக்குப் போய்விட்டதால் மாறிய பிறகு அவர் உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

நுழைந்ததும் அவர் கடைகளைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். "கூரை இதே உயரம்தான்டா, கீழதான் எல்லாம் மாறிப்போச்சு" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மீன் வாடை இல்லாம என்னமோ மாதிரி இருக்கு" என்றாரே பார்க்கலாம், பக்கத்துக் கடையில் நின்ற தமிழ்ப் பிள்ளை சிரித்துவிட்டாள். எந்த நேரமும் தரையில் தண்ணீர் ஓடுமாம், சிலிப்பர் போட்டுக்கொண்டு அவசரமாக நடந்தால் வழுக்குமாம், நேரம் கழித்துப் போனால் நல்ல மீனெல்லாம் போய்விடும், கடைக்குத் திரும்பினால் முதலாளியிடம் ஏச்சு வாங்க வேண்டும். குளிர்சாதனம் ஓடுகிற, பளபளவென்று துடைத்த தரையில் நின்றுகொண்டு அவர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த இடம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

கடைகளைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். முன்பக்கம் நாலு கடை பார்த்தால் போதும், ஒரே காந்த வில்லை, ஒரே டீ சட்டை. உள்ளே சின்னச் சின்னக் கடைகளுக்குப் போக வேண்டும். மலாய், சீன, இந்தியப் பொருள்களுக்கு என்று தனித்தனிப் பகுதி இருக்கிறது, பத்தேக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற துணி), மரச் செதுக்கு, ஈயப் பாத்திரம் எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். மாமா ஒரு மரப் பெட்டியைக் கையில் எடுத்து, கடைக்காரப் பெண் 80 வெள்ளி (ரிங்கிட்) என்றதும் தன் பழைய சந்தை மலாயில் 30 என்று ஆரம்பித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் அந்தப் பெண் கோபப்படவில்லை, அவளும் ரசித்துக்கொண்டே பேசினாள், கடைசியில் 55-க்கு முடிந்தது. விலை ஒட்டாத பொருள் என்றால் தாராளமாகக் கேட்டுப் பாருங்கள்.

வெளியே வந்தால் ஓரமாகவே கஸ்தூரி வாக், மேலே கூரை போட்ட நடைபாதை, 2011-இல் திறந்தது, வாசலில் வாவ் என்கிற மலாய்ப் பட்டம் மாதிரி பெரிய அலங்காரம் இருக்கும். கொறிப்பதற்கு நல்ல இடம், சோறு சாப்பிட மட்டும் நாங்கள் லெபோ அம்பாங் போய்விட்டோம். மாமா வேலை பார்த்த கடை இப்போது அங்கே இல்லை.

கிள்ளான் தையல்காரி:

அண்ணே, பத்தேக் பற்றிச் சொன்னீர்கள், அதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அச்சுத் துணியைக் கையால் வரைந்தது என்று என்னிடமே விற்கப் பார்த்தார்கள், 20 வருசமாகத் துணி வெட்டுகிறவளிடம்! துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது என்றால் சாயம் ஊறியிருக்கும், பின்பக்கமும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருக்கும். மெஷின் அச்சில் பெரும்பாலும் பின்பக்கம் வெளுத்திருக்கும். சாந்திங் என்கிற சின்னக் குழாய்ப் பேனாவில் சூடான மெழுகை எடுத்துக் கையால் வரைவது ஒரு வகை, செம்பு முத்திரையை மெழுகில் தோய்த்துக் குத்துவது சாப். சாப்பில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும், கையால் வரைந்ததில் இரண்டு பூ அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. சாப் மட்டம் என்று அர்த்தமில்லை, அதுவும் கை வேலைதான், ஆனால் சாந்திங் விலையைச் சாப்புக்குக் கொடுக்காதீர்கள், இரண்டின் விலையையும் மெஷின் அச்சுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எல்லாக் கடையும் அப்படி இல்லை. இன்னொரு கடையில் ஒரு மலாய் அக்கா, நான் கேட்காமலேயே "இது அச்சு, அது சாப்" என்று பிரித்துக் காட்டினார், என் மகள் கல்யாணத்துக்கு வேண்டியதை அவரிடம்தான் வாங்கினேன்.

பினாங்குக்காரன்:

நான் பசார் செனியைக் குறை சொல்ல வரவில்லை, கட்டடத்தைக் காப்பாற்றினார்களே, அது பெரிய விஷயம். ஆனால் மீன்காரரும் காய்கறிக்காரரும் போன பிறகு அது சந்தைதானா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. எங்கள் ஊர் சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு வந்து பாருங்கள். 1890-இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1961-இல் கட்டியது, அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பினாங்கு ரோட்டுப் பக்கம் ஜாதிக்காய் ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் வரிசையாக இருக்கும், உள்ளே இன்றைக்கும் மீன் வெட்டுகிற சத்தம் கேட்கும், மாடியில் பழைய புத்தகக் கடைகள். போன வாரம்கூட அங்கே போய் அட்டை கிழிந்த தமிழ் அகராதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். உங்கள் மாமாவை அடுத்த முறை இங்கே கூட்டி வாருங்கள், வாடைக்கு நான் பொறுப்பு.

செந்தூல்வாசி:

ஹாஹா, சொல்கிறேன், கண்டிப்பாக வருவார். தையல்காரி அக்காவுக்கு நன்றி, மாமா வாங்கிய இரண்டு சட்டையையும் இப்போதே திருப்பிப் பார்க்கப் போகிறேன். காரில் வரலாமா என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார்: வேண்டாம் தம்பி, பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. இரண்டு ரயிலும் பசார் செனி ஸ்டேஷனிலேயே நிற்கும், இறங்கினால் நடக்கிற தூரம்தான். காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு வந்தால் கூட்டம் இருக்காது, கடைக்காரர்களும் நின்று பேசுவார்கள்.