சேற்றில் வேர்விடும் செடிக்கு ஒரு சொல்: பழனமா, சேறா?

அன்புடையீர்,

வணக்கம். சென்ற வாரம் இந்த மடற்குழுவில் நான் கேட்டது சிறிய உதவிதான்: ஏரிக்கரைச் செடிவகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் வேண்டும். மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும்போது செடிகளின் அருகே நட்டுவைப்பதற்காக 24 பலகைகள் எழுத வேண்டும். அச்சகத்தார் வாசகங்களை வியாழன் மாலைக்குள் கேட்கிறார்கள். அதற்குள் நம் உரையாடல் இழை சங்கப் பாடல்கள் வரை சென்றுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை, நிறையக் கற்றுக்கொண்டேன். எனினும் எப்பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பது இடையில் மங்கிவிட்டதால் அதை ஒருமுறை மீண்டும் சொல்லிவிடுகிறேன்.

வேலம்பாசியும் ஆகாயத்தாமரையும் நீர்த்தாவரங்கள் என்பதில் பிணக்கு இல்லை. கரையை நெருங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சம்பு, கோரை, கொறுக்கை முதலியவற்றின் வேர் நீர் தேங்கிய சேற்றில் கிடக்க, தண்டும் இலையும் காற்றில் நிற்கின்றன. நூல்கள் இவற்றை ஹீலோஃபைட் என்கின்றன. இன்னும் சற்று மேலே, வாய்க்கால் கசிவில் படரும் வல்லாரைக்கும் நிழலில் வளரும் பெரணிக்கும் மண் எப்போதும் ஈரமாக இருந்தால் போதும், இவை ஹைக்ரோஃபைட். உவர்மண்ணில் வளர்பவை ஹாலோஃபைட். இம்மூன்றையும் தமிழெழுத்தில் கரும்பலகையில் எழுதினால் எது எதுவென்று மாணவர்கள் தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஞாயிறன்று ஒரு சம்பை வேரோடு பிடுங்கிப் பார்த்தேன். கருஞ்சேறு, அழுகிய முட்டையின் நாற்றம். வேர்களின் மேல் மட்டும் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. சேற்றுக்குள் எஞ்சியிருப்பதையும் நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. சம்பின் இலையைக் குறுக்கே அரிந்தால் தெரியும் சிற்றறைகளைப் போன்ற காற்றுவெளிகளின் வழியாகவே காற்று வேர்வரை இறங்குகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன், சேற்றில் கரைந்துள்ள இரும்பைத் துருவாக்குகிறது. நீர் கட்டிய வயலில் நெற்பயிரைப் பிடுங்கியவர்கள் அதன் வேரிலும் இந்நிறத்தைக் கண்டிருப்பார்கள். ஆகவே, மூச்சுமுட்டும் சேற்றில் வேர்விட்டு வாழும் திறமே இவ்வகைச் செடியின் அடையாளம் என்பேன். நாம் ஆக்கும் சொல்லில் அது தெரிய வேண்டும்.

இந்த உரைகல்லில் வைத்தால், இழையில் ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘பழனத் தாவரம்’ எனக்கு ஒத்துவரவில்லை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் கழனி மாவின் கனியைப் பழனத்து வாளைமீன் கவ்வுகிறது. வாளை வாழும் அளவுக்கு நீர் நிற்கும் இடம் அது. திருவையாற்றை அடுத்த திருப்பழனம் ஊர்ப்பெயராக நிலைத்திருப்பதும் உண்மை. ஆனால் பழனத்தைப் பள்ளத்தோடு இணைத்தவர்கள் ளகரம் எப்படி ழகரமாயிற்று என்று காட்டவில்லை. பழமையோடு இணைத்தவர்களிடமும் ஒலி ஒப்புமைக்கு மேல் சான்றில்லை. வேர் எதுவாயினும், வகுப்பில் இச்சொல்லைச் சொன்னவுடன் மாணவர்கள் பழமரத்தை நினைத்தார்கள். அதற்கு மேல் வாதிட எனக்கு மனமில்லை.

சென்னைப் பள்ளிக்கரணை ஈரநிலத்தின் பக்கம் வழங்கிய ‘கழிவெளி’யை மீட்க வேண்டும் என்ற மடல் என்னை நெகிழவைத்தது. கழி என்பது உப்பங்கழியில் உள்ள கழிதான். ஆனால் இன்றைய காதில் முதலில் விழுவது கழிவு. குப்பைமேட்டின் அருகே தாக்குப்பிடித்து 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஒரு நிலத்தின் செடிகளுக்கு அந்த ஒலியை நாமே சூட்ட வேண்டாம். ‘சதுப்பு’ என்றால், பள்ளிப் பாடநூலின் ‘உவர் சதுப்பு நிலத் தாவரம்’ மனத்தில் எழுந்து பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குக் கொண்டுபோய்விடும்.

மூதுரையின் கொட்டி, ஆம்பல், நெய்தலைக் காட்டி, குளம் வற்றினாலும் பிரியாதவை என்பதையே இலக்கணமாகக் கொள்ளலாம் என்றார் ஒருவர். உவமை நுட்பமானது, ஆம்பலின் கிழங்கு சேற்றில் கிடப்பதும் மெய். ஆனால் இலை நீரில் மிதக்கும் ஆம்பலையும் நிமிர்ந்து நிற்கும் சம்பையும் அந்த இலக்கணம் ஒன்றாக்கிவிடுகிறது.

மிஞ்சுவது சேறு. ‘சேறூன்றி’ என்று நான் எழுதியதைச் சிலர் திருத்தினார்கள். சேற்றில் ஊன்றுவது என்று வேற்றுமைப் பொருளில் விரிவதால், வயிற்றுவலியில் போல றகர ஒற்று இரட்டித்து ‘சேற்றூன்றி’ என்றே வர வேண்டும் என்பது நன்னூல் விதிப்படி சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். சொல்வதற்குக் கடினம் என்ற மறுப்பை ஏற்க இயலவில்லை. ஆற்றூர் என்று நாள்தோறும் சொல்லும் நாவுக்குச் சேற்றூன்றி வராதா?

ஹைக்ரோஃபைட்டுக்கு ‘ஓதத் தாவரம்’ என்றால் கடற்கரைக்காரருக்கு அலையும் மருத்துவருக்கு விரைவீக்கமும் நினைவுக்கு வரும். ‘ஈரநிலத் தாவரம்’ என்றால் இலங்கை மாணவர்கள் ஈரவலயத்துக் காட்டை எண்ணக்கூடும் என்று யாழ்ப்பாணத்து ஆசிரியை குறிப்பிட்டதும் கவனிக்கத்தக்கது. ‘ஈரவிரும்பி’ செடிக்கு மனத்தை ஏற்றுகிறது என்கிறார்கள். தண்ணீர் கேட்கும் பயிர் என்று உழவர் சொல்வதில்லையா? எனக்கு அது போதும்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் எளிமை கருதிச் ‘சேற்றுத் தாவரம்’ போதும் என்கிறார்கள். அச்சுக்கு அதையே அனுப்புகிறேன். ஐயா பழனத்தை விடவில்லை என்பதையும், நான் சேற்றூன்றியை விடவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். 14-ஆம் பலகையில் கொறுக்கையை நாணல் என்று எழுதியிருந்தேன். உயர்ந்து பூங்கதிர் விடும் இரண்டும் வேறு வேறு புற்கள். உங்கள் ஊரில் கொறுக்கைக்கு வேறு பெயர் வழங்கினால் புதன் இரவுக்குள் தெரிவியுங்கள்.