இலவசமாகத் தரும் மென்பொருளுக்கு எங்கள் சங்கம் கையொப்பமிடலாமா?

செயலாளர், கிளிநொச்சி

வணக்கம். நான் ஒரு பாலுற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். அங்கத்தவர்கள் 412 பேர். பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் பெண்கள். காலையில் பாலை அளந்து, கொழுப்பு வீதம் பார்த்து, அவர்களுடைய அட்டையிலும் எங்கள் பேரேட்டிலும் எழுதுகிறோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு.

வெளிநாட்டு உதவித் திட்டமொன்று இதையெல்லாம் கைத்தொலைபேசியில் பதியும் மென்பொருளை ஐந்து ஆண்டுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. தரவு சிங்கப்பூரில் உள்ள சேவையகத்தில் இருக்குமாம். நிர்வாக சபையில் பாதிப்பேர் எடுப்போம் என்கிறார்கள். மீதிப்பேர் எங்கள் கணக்கு நாட்டை விட்டுப் போகக்கூடாது என்கிறார்கள்.

என் பயம் வேறு. 2019 இல் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினோம். மூன்றாம் ஆண்டு கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். எங்களால் கட்ட முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கணக்கே திறக்கவில்லை. அட்டைகளையெல்லாம் திரட்டி, இரண்டு பிள்ளைகள் நாற்பது நாள் இருந்து திரும்ப எழுதினார்கள். அட்டை தொலைத்தவர்களுக்கு, வங்கியில் கடன் கேட்கும்போது காட்ட ஒரு வரவும் இல்லாமல் போயிற்று. இந்த முறை எதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்?

யாழ்ப்பாணத்து வாசகர்

அக்கா, சேவையகம் இலங்கைக்குள் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நாளை பிரச்சினை என்றால் சிங்கப்பூரில் போய் யாரைக் கேட்பீர்கள்?

சுகாதாரத் தகவல் பிரிவில் வேலை செய்தவர், வவுனியா

தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் நாட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் சொந்த மேகக் கணினியே கப்பம் கேட்கும் தீநிரலிடம் அகப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகத்தினதும் அதில் அடக்கம். சேவையகம் எங்களுடையது, மண் எங்களுடையது. அந்த மூன்று மாதங்களுக்கு, தனியே எடுத்து வைத்த பிரதிதான் இருக்கவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. 2020 ஜனவரியில் கொரோனா இங்கு எட்டிப்பார்த்தபோது, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து கண்காணிக்க எங்கள் சுகாதார அமைச்சும் இங்குள்ள நிரலாளர்களும் அதிலேயே புதிய பகுதியொன்றை அமைத்தார்கள். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. நோர்வேயின் நகராட்சிகளும் தொற்றாளரின் தொடர்புகளைத் தேட டிஎச்ஐஎஸ்2 ஐ எடுத்துக்கொண்டன. அதைக் கேள்விப்பட்ட நாளில் எனக்கு உண்டான பெருமிதம் இன்னும் குறையவில்லை.

அது எப்படி முடிந்தது? மூல நிரல் திறந்திருந்தது, அதாவது யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பது, ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களுக்கென்றே உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. நோயையும் தெரிந்து, தரவையும் தெரிந்த ஆட்கள் இங்கேயே இருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருள், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெய்டியிலும் பயன்பட்டது என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேசிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்திலும் நான் இதைத்தான் பார்க்கிறேன். பணம் இந்தியாவின் மானியம். அடித்தளமாகக் கொள்ளும் மோசிப் என்ற அடையாளப் பதிவு மென்பொருள், பெங்களூரு சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐஐஐடி) 2018 இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். எத்தியோப்பியாவும் பிலிப்பைன்ஸும் அதன் மேல்தான் கட்டுகின்றன. நாளைக்கு ஒப்பந்தக்காரரை மாற்ற வேண்டி வந்தால் நிரல் தடையாக இராது. அதை நடத்தத் தெரிந்த எத்தனை பேரை நாங்கள் அதற்குள் உருவாக்கியிருப்போம் என்பதுதான் என் கவலை.

தங்கச்சி, உங்கள் சங்கத்துக்கும் இதுவே. அங்கத்தவர் கணக்கின் முழுப் பிரதி மாதந்தோறும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆறாம் ஆண்டுக் கட்டணம் இன்றே எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கு, பதிவதற்கு மட்டுமல்லாமல் நிர்வகிக்கவும் பயிற்சி கேளுங்கள். அடையாள அட்டை இலக்கங்களும் சேர்வதால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலாளர், கிளிநொச்சி

மிக்க நன்றி ஐயா. ஒப்பந்தத்தில் "முடிவுறும்போது தரவு படிக்கத்தக்க வடிவில் கையளிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அது போதுமா?

நிரலாளர், கோயம்புத்தூர்

போதாது அம்மா. பிடிஎஃப் கோப்பும் படிக்கத்தக்கதுதான். 412 பேரின் ஐந்து ஆண்டுக் கணக்கைப் பல்லாயிரம் பக்கங்களாகத் தந்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொல்லலாம். உங்கள் பிள்ளைகள் மறுபடியும் நாற்பது நாள் உட்கார வேண்டியிருக்கும். சிஎஸ்வி வடிவம் (எந்தக் கணினியிலும் அட்டவணையாகத் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு) என்று பெயர் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் ஒருவரின் ஒரு வேளைப் பால், எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்ற விளக்கம், இரண்டும் வேண்டும்.

கையொப்பத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள். பத்துப் பேரின் கணக்கை ஒரு வாரம் பதியுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, அந்த மென்பொருளே இல்லாத ஒரு கணினியில் திறந்து, பட்டுவாடாத் தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பேரேட்டுடன் ஒத்துப்போனால் சரி.

செயலாளர், கிளிநொச்சி

பத்துப் பேரின் கணக்கைச் சோதித்தோம். திகதி வந்தது, லீற்றர் வந்தது. கொழுப்பு வீதம் வரவில்லை. எங்கள் பாலுக்கு விலையே அதை வைத்துத்தான். திட்ட அலுவலரிடம் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை, இரண்டு வாரத்தில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். ஆறாம் ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி மேலிடத்தில் கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். நிர்வாக சபைக் கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை பேரேட்டில்தான் எழுதுகிறோம்.