இழை: 'கலீஃபா' – தமிழில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு,

மேனிலை வகுப்பு மாணவர்களுக்கான உலக வரலாற்றுத் துணைநூல் ஒன்றின் தமிழாக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூவர் பிரித்துக்கொண்டு மொழிபெயர்த்த நூல் என்பதால், ஒரே பதவி ஓர் இயலில் 'கலீபா' என்றும், அடுத்ததில் 'காலிப்' என்றும், மற்றொன்றில் 'முகமதியரின் தலைமைக் குரு' என்றும் வந்திருக்கிறது. விடுதலைப் போராட்ட இயலில் 'கிலாபத் இயக்கம்' இவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. மாதிரிப் படியைப் படித்த மாணவி ஒருத்தி, இந்தியில் 'கிலாஃப்' என்றால் 'எதிராக' என்று பொருள் என்பதால், ஆங்கில ஆட்சிக்கு எதிரான இயக்கம் அந்தப் பெயரைப் பெற்றது என்று விடை எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

— பதிப்பாசிரியர்

*

பதிப்பாசிரியருக்கு வணக்கம்.

அரபியில் இச்சொல்லின் வேர் 'பின்னால் வருதல்' என்னும் பொருளுடையது. ஆகவே 'வழிவேந்தர்' என்று சொல்லலாம். பதவியை 'வழிவேந்தம்' எனலாம். வேந்தர் என்பது முடியுடை மூவர்க்கே உரியது என்று மறுப்பார் உண்டு என்பதை அறிவேன். பொருள் விரிந்துவிட்ட இக்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே வேந்தரும் துணைவேந்தரும் இருக்கிறார்கள். 'வழித்தோன்றல்' என்பதும் எனக்கு உடன்பாடே. 'தோன்றல்' என்றாலே தலைவன் என்னும் பொருளும் உண்டு. எது வேண்டுமாயினும் ஏற்கலாம், 'காலிப்' என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது ஆங்கிலத்தின் வழியே வந்த கால் முறிந்த சொல்.

— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

*

புலவர் ஐயாவுக்கு,

தாங்கள் தந்த இரு சொற்களும் ஓசையில் இனியவை. ஆயினும் இரண்டுமே வரலாற்றின் நடுவே நின்று ஒரு பக்கம் சாய்கின்றன. 632-இல் நபிகள் நாயகம் மறைந்தபின் அவருடைய இடத்தில் சமூகத்தை நடத்துபவர் யார் என்பதே இஸ்லாமிய வரலாற்றின் முதற்பெரும் கருத்து வேறுபாடு. முதல் கலீஃபாவான அபூபக்கர் அவர்கள் நபியின் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். தலைமை நபியின் குடும்பத்துக்கே, நபியின் மருமகன் அலீ அவர்களின் வழிக்கே உரியது என்பது முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான ஷியாக்களின் நிலைப்பாடு. அவர்கள் அத்தலைமையை 'இமாம்' என்று குறிப்பர். தமிழில் வழித்தோன்றல் என்றால் பிறப்பின் வழி வந்தவர் என்றே எவரும் கொள்வர். ஆக, அச்சொல்லை எழுதிய கணமே நம் பாடநூல் தன்னை அறியாமல் அந்த வழக்கில் சாட்சி சொல்லிவிடுகிறது.

'வழிவேந்தர்' என்பதில் இடர் வேறு. முதல் நால்வரின் காலத்தை (632–661) அதன்பின் வந்த உமையாக்களின் அரசமரபிலிருந்து வேறுபடுத்தி, முன்னதைக் 'கிலாஃபத்' என்றும் பின்னதை 'முல்க்', அதாவது முடியாட்சி என்றும் பிரிப்பது முஸ்லிம் வரலாற்றெழுத்தில் மிகப் பழைய வழக்கம். வேந்தர் என்று மொழிபெயர்த்தால், 'கலீஃபாவின் ஆட்சி அரசனின் ஆட்சியாக மாறியது' என்ற வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்?

'தலைமைக் குரு' என்பது மூன்றிலும் மோசமானது. மார்க்கத்தின் கொள்கையை வகுக்கும் அதிகாரம் கலீஃபாவுக்கு இருக்கவில்லை. உமையாக்களுக்குப் பின் ஆண்ட அப்பாசிய மரபின் கலீஃபா மாமூன் 833-இல், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை அறிஞர்கள்மேல் ஆணையாலும் விசாரணையாலும் திணிக்க முயன்றார். மார்க்க அறிஞர் அகமது இப்னு ஹன்பல் சிறைப்பட்டும் பணியவில்லை. இறுதியில், பின்வந்த கலீஃபா முத்தவக்கில் அம்முயற்சியைக் கைவிட்டார். குரு என்றால் சீடர்கள் பணிந்திருப்பார்களே!

— கல்லூரி வரலாற்று ஆசிரியை

*

அம்மையாருக்கு,

நன்று. அப்படியாயின் உறவையும் முடியையும் விட்டுவிட்டுப் 'பதிலாள்' என்று வைத்துக்கொள்வோம். வடசொல் வேண்டுமெனில் 'பிரதிநிதி' இருக்கிறது. குர்ஆனின் 2:30-இல் ஆதமைக் குறித்து வரும் இதே சொல்லுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'பிரதிநிதி' என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு, முன்னோர் அயற்சொல்லை அப்படியே விழுங்கியதில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். 'சுல்தான்' என்பதை வடமொழியார் 'சுரத்ராண' ஆக்கினர். தேவரைக் காப்பவன் என்று பொருளும் தந்தனர். விசயநகர வேந்தர் 'இந்துராய சுரத்ராண' என்பதைத் தம் விருதுப் பெயராகவே சூடிக்கொண்டனர். நம் மொழியிலோ அதைவிடச் சிறந்த ஒப்புமை உண்டு. 'சுல்தான்' முதலில் ஆளைக் குறித்த சொல் அன்று. ஆணை, அதிகாரம் என்னும் பண்பைக் குறித்தது. பின்னரே ஆளுக்கு ஆகி வந்தது. நம் 'அரசு' அப்படித்தானே? "குடிமை ஆண்மை" எனத் தொடங்கும் தொல்காப்பிய நூற்பாவில் "அரசே மகவே குழவி" என்று வருகிறது; உயர்திணைப் பொருளை உணர்த்தினும் சொல்லால் அஃறிணையாக முடியும், 'அரசு வந்தது' என்பதுபோல. ஆகவே சுல்தானை 'அரசு' என்றே மொழிபெயர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, 'அரசு' ஒப்புமை அருமையானது. ஆனால் 'டெல்லி அரசு' என்று அச்சிட்டால் மாணவர் இன்றைய அமைச்சரவையை நினைப்பர். சுரத்ராண எடுத்துக்காட்டு தங்களுக்கு எதிராகவே நிற்கிறது: பக்கத்து நாட்டில் மதிப்புப் பெற்ற பட்டத்தின் ஒலி வேண்டியிருந்ததால் அதை வைத்துக்கொண்டு, பொருளை வேறாகப் புனைந்தார்கள். அது மொழிபெயர்ப்பு அன்று.

'பதிலாள்' பற்றி ஒன்று. ஆற்காட்டு நவாபின் 'நவாப்' அரபு 'நாயிப்' என்பதன் பன்மையிலிருந்து வந்தது. அதற்கும் பதிலாள் என்றுதான் பொருள். பாக்தாதிலிருந்தவரும் பதிலாள், ஆற்காட்டிலிருந்தவரும் பதிலாள் என்றால் பட்டியலில் எவரை எங்கே வைப்பது?

டெல்லி நாணயங்களைச் சேகரிப்பவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். சுல்தானும் கலீஃபாவும் அடுத்தடுத்துப் பொறிக்கப்படும் இரு பட்டங்கள். டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் 1229-இல் பாக்தாத் கலீஃபாவிடமிருந்து ஏற்புச் சாசனம் பெற்றார். 1258-இல் மங்கோலியர் தலைவன் ஹுலாகு பாக்தாதை அழித்துக் கலீஃபா முஸ்தசிமைக் கொன்றபின்னும், டெல்லி நாணயங்களில் அவர் பெயர் பல்லாண்டுகள் தொடர்ந்தது. பின்னாளைய சுல்தான் பால்பனின் காசிலும் அது உண்டு. வாளும் கருவூலமும் டெல்லியில் இருந்தன; ஏற்பு மட்டும் இறந்துபோனவரிடமிருந்து வந்தது. டெல்லி சுல்தான்களில் குத்புத்தீன் முபாரக் கல்ஜி (1316–1320) ஒருவர்தான் தம்மையே கலீஃபா என்று பொறித்துக்கொண்டார். இரண்டு பட்டங்களையும் 'மன்னர்' என்று தமிழாக்கினால் இவர் செய்த துணிச்சல் மாணவருக்கு விளங்கவே விளங்காது.

— நாணயம் சேகரிப்பவர்

*

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

நான் காயல்பட்டினத்துக்காரன். எங்களுக்கு இது மொழிபெயர்க்க வேண்டிய சொல்லாகவே தோன்றியதில்லை. காதிரிய்யா, ஷாதுலிய்யா போன்ற தரீக்காக்களில், அதாவது சூஃபி நெறிகளில், ஷெய்கு என்னும் ஆசான் ஒருவர் தம் சீடருக்கு மற்றவரை வழிநடத்தும் அனுமதி கொடுத்தால் அவர் அந்த ஷெய்கின் கலீஃபா. அவருக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. வடக்கே போனால் தையற்காரரையும் மல்யுத்த ஆசானையும்கூடக் கலீஃபா என்பார்கள். எவருடைய இடத்தில் நிற்கிறார் என்பதைச் சூழல் சொல்லும்; சொல் சொல்லாது. அந்த வெற்றிடத்தைத் தமிழ்ச் சொல்லால் நிரப்பப் போகும்போதுதான் மேலே கண்ட சண்டைகள் எல்லாம் வருகின்றன.

பெயர் நீளும் சிக்கல் அந்நாளிலேயே இருந்தது. அபூபக்கர் (ரலி) 'இறைத்தூதரின் கலீஃபா'. அடுத்து வந்த உமர் (ரலி) 'இறைத்தூதரின் கலீஃபாவின் கலீஃபா' ஆக வேண்டும். இப்படியே போனால் முடிவேது என்றுதான் 'அமீருல் மூமினீன்', நம்பிக்கையாளர்களின் தலைவர், என்னும் பெயர் நிலைத்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

என் வேண்டுகோள் ஒன்றே. 'கலீஃபா', 'கிலாஃபத்' என்று இரண்டையும் ஒரே ஃப-வால் எழுதுங்கள். 'கலீபா' என்று எழுதினால் வகுப்பில் 'பாட்டி'யின் ஒலியிலோ 'கோபால'னின் ஒலியிலோதான் படிக்கிறார்கள்.

— காயல் வாசகர்

*

காயல் நண்பரின் கருத்தைப் பெரிதும் ஏற்கிறேன். எழுத்தை ஏற்க இயலவில்லை. "குற்றியதன் முன்னர் ஆய்தப் புள்ளி" என்பது தொல்காப்பியம். குற்றெழுத்தை அடுத்தே ஆய்தம் வரும். 'லீ'யும் 'லா'வும் நெடில். 'கிலாஃபத்' தகர மெய்யில் முடிவது அடுத்த பிழை. "வடவெழுத் தொரீஇ", அதாவது வடவெழுத்தை விலக்கி, என்ற நெறி அரபுக்கும் பொருந்தும் என்பதைச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரே காட்டியிருக்கிறார். அபூதாலிபை அவர் 'அபித்தாலிபு' ஆக்கினாரே. அவர் நெறியில் 'கலீபா', 'கிலாபத்து' என்று எழுதுவோம். 'கலீபர்' என்று அர் விகுதி சேர்த்தால் மரியாதையும் கிடைக்கும்.

— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, உமறுப் புலவர் விருத்தம் பாடினார்; அவருக்கு ஓசை தேவைப்பட்டது. 'கலீபர்' என்றால் என் மாணவர்கள் 'நபர்' என்பதோடு சேர்த்துப் படிப்பார்கள். ஃப எழுதாமல் இன்று ஒரு காப்பிக்குக்கூட ஃபில்டர் வைக்க முடிவதில்லை!

— கல்லூரி வரலாற்று ஆசிரியை

*

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நண்பகல் ஆகிவிட்டது. நேற்றிரவு வரை கருத்துச் சொன்னவர்களில் ஏழு பேர் 'கலீஃபா'வுக்கும் மூவர் 'கலீபா'வுக்கும் இசைந்தனர்; 'வழிவேந்த'ருக்கு முன்மொழிந்தவரின் வாக்கும் கிடைக்கவில்லை. பட்டியலில் பின்வருமாறு அனுப்பியிருக்கிறேன்:

கலீஃபா: 'பின் வந்தவர்', 'இடத்தில் நிற்பவர்' என்னும் பொருளுடைய அரபுச் சொல். நபிகள் நாயகத்துக்குப் பின் முஸ்லிம் சமூகத்தின் தலைமையை ஏற்றவருக்கான பட்டம். கிலாஃபத்: அப்பதவி. துருக்கிய உதுமானிய அரசமரபினரிடம் இருந்த இப்பதவி 3 மார்ச் 1924-இல் துருக்கியில் ஒழிக்கப்பட்டது. அதைக் காக்க 1919-இல் இந்தியாவில் எழுந்தது கிலாபத் இயக்கம்.

கடைசி வரியில் மட்டும் ஃ இல்லாததைக் காண்பீர்கள். தேர்வு வினாத்தாள்களில் அப்படியே அச்சாகி வருவதால் அதைத் தொடக்கூடாது என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டனர். இரண்டுக்கும் இடையே 'காண்க' என்று ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

— பதிப்பாசிரியர்

*

அம்புக்குறிக்குப் பதில் ஒரு குற்றெழுத்தைப் போட்டிருந்தால் ஆய்தமாவது தப்பியிருக்கும். என் மறுப்பை இழையில் பதிவு செய்துகொள்க.

— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்