894.811-ஐ விட்டு வெளியே வந்த கதை: பத்து அலமாரி, ஒரு மவுஸ்

புத்தகத்தையும், மவுஸ், பென்டிரைவ் மாதிரியான கணினிச் சாமானையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதில் ஏமாந்தது உண்டா, எதிர்பாராமல் நல்லது மாட்டியது உண்டா என்று ஆளாளுக்குச் சொல்லத்தான் இந்தத் திரி. முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

பத்து வருடத்துக்கும் மேலாக நாவல், சிறுகதை தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. ஒருநாள் நூலகத்தில் திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்திருந்த ஏழு புத்தகங்களையும் அடுக்கினேன். ஏழின் முதுகிலும் ஒட்டியிருந்த எண் 894.811 என்றுதான் தொடங்கியது. நூலகரிடம் கேட்டபோது, மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் அது என்றார். உலகத்துப் புத்தகம் அத்தனையையும் 000 முதல் 999 வரை பத்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நான் பத்து வருடமாக ஒரே ஒரு புள்ளியில் நின்றிருக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்தேன், ஒவ்வொரு நூறிலிருந்தும் ஒரு புத்தகம் எடுத்துப் படித்துவிடுவது என்று.

இந்த எண் முறை நியாயமானது என்று சொல்ல மாட்டேன். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கத்தில் விசாலமான இடம். தமிழுக்கு ஆறு இலக்கம் தள்ளி ஒரு மூலை. சமயத்துக்கான 200-லும் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போய்விட்டது. இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. இந்திய நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் வகைப்பாடு என்று வேறொரு முறையைக் கொடுத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றவனுக்கு இந்த எண்கள் வழி காட்டின, அதை மறுக்க முடியாது.

600-இல்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தொழில்நுட்பம் என்றால் இயந்திரம்தான் இருக்கும் என்று போனால் மருத்துவம், விவசாயம், சமையல், கட்டுமானம் எல்லாம் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 624-இல் பாலங்களைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. பாலத்தின் மேல் வண்டி போகும்போது சீராக டக் டக் என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அதைத் தரை சரியில்லாத சத்தம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளியின் சத்தம். 100 மீட்டர் நீளமுள்ள எஃகு உத்திரம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் நீளும். அது நீள இடம் விடாவிட்டால் பாலம் தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும். இதைப் படித்த பிறகு எந்தப் பாலத்தைக் கடந்தாலும் காது தானாக அந்தச் சத்தத்தைத் தேடுகிறது. ஒரு நாவல் தரும் சந்தோஷத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

900-இல் ஏமாந்தேன். கனமான அட்டை, நிறையப் படங்கள், பின்னட்டையில் நான்கு பேரின் பாராட்டு, இவற்றை நம்பி ஒரு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தேன். எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கத்தில்கூட இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவத்தையே தவறாக எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் தெரியாததை எப்படி நம்புவது? அன்றிலிருந்து வரலாறு என்றால் முதலில் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போகிறேன். சொல்லடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்) இருக்கிறதா, ஆதாரக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரு ஊரையோ ஆளையோ சொல்லடைவில் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் நின்றபடியே படிப்பேன். அது சரியாக இருந்தால் புத்தகம் என்னோடு வீட்டுக்கு வரும். ஐந்து நிமிட வேலைதான்.

சரி, மவுஸுக்கு வருகிறேன். நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடி, குறிப்பெடுத்து, பட்டியல் போட்டு என்று லேப்டாப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்ததில் டச்பேடு ஒத்துவரவில்லை, மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஒரு வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். பெட்டியில் டிபிஐ எண் பெரிதாக அச்சிட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை அசைவுகளைக் கணக்கிடும் என்பதுதான் அந்த எண், படிக்கவும் தட்டச்சு செய்யவும் அவ்வளவு தேவையே இல்லை. கவனித்திருக்க வேண்டியது அளவை. என் கை பெரிது, அந்த மவுஸ் சிறியது, விரலை மடக்கியே பிடிக்க வேண்டியிருந்ததால் வலி மணிக்கட்டிலிருந்து விரலுக்கு இடம் மாறியதுதான் மிச்சம்.

அடுத்ததாகக் கை நிறையும் அளவில் ஒன்று வாங்கினேன். பிடிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் திரையில் கர்சர் விக்கி விக்கி நகர்ந்தது. பேட்டரி மாற்றினேன், மேசை விரிப்பை மாற்றினேன், பழுது என்று சொல்லி மவுஸையே மாற்றி வாங்கினேன், புதியதும் அதேபோல் விக்கியது. ஒருநாள் தற்செயலாக எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கர்சர் தண்ணீர்போல் ஓடியது. பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன, யூஎஸ்பி 3.0 இணைப்பில் தகவல் ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருந்த ஓட்டைக்கு ஒட்டினாற்போல் மவுஸின் ரிசீவரும் இருந்ததால் சிக்னல் அதில் அமுங்கிப்போயிருக்கிறது. ஒரு முழ நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தேன், அதோடு தீர்ந்தது. யாராவது மவுஸைக் குப்பையில் போடும் யோசனையில் இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

அறிவியல் புத்தகத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகனுக்குப் பரிசாக விண்வெளி பற்றி ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனேன். தாள் பளபளப்பாக இருந்தது, படங்களும் அருமை. பையன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மாமா, இதுல ஒன்பது கோள்னு போட்டிருக்கே, புளூட்டோ இப்போ கோள் இல்லையே" என்றான். 2006-இலேயே சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் வகைக்கு மாற்றிவிட்டது. பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தால் அச்சிட்ட வருடம் புதிது, ஆனால் எழுதியது பல வருடங்களுக்கு முன்னால். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு என்பதை ஒரு பத்து வயதுப் பையன் முன்னால்தான் கற்றுக்கொண்டேன்.

பழைய புத்தகங்கள் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 2007 தொடக்கத்திலிருந்து 13 இலக்கமாக மாறியது, அதற்கு முன் 10. பத்து இலக்க எண் மட்டும் இருக்கிற பிரதி என்றால் பெரும்பாலும் அதற்கு முன் அச்சானது. கதைக்கும் கவிதைக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. மருத்துவம், கணினி, வானியல், சட்டம் இந்த நான்குக்கும் கட்டாயம் பாருங்கள்.

*

நான் முழுக்க மொழிபெயர்ப்பும் கவிதையும்தான் படிப்பேன். மொழிபெயர்ப்பு நாவலை எடுத்தால் எனக்கு ஒரே ஒரு சோதனைதான்: உரையாடல் வரும் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிப்பேன். கிழவியும் குழந்தையும் ஒரே மாதிரிப் பேசினால் வைத்துவிடுவேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் இருக்கிறதா, மூல மொழியிலிருந்து நேராக வந்ததா இல்லை இடையில் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்ததா என்பதையும் உள்பக்கத்தில் தேடுவேன். ஆங்கிலம் வழியாக வந்தாலே மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், அப்படி வந்த பழைய ரஷ்யக் கதைகள்தான் என்னை வாசகி ஆக்கின. ஆனால் அதை வாசகரிடம் மறைக்கிற பதிப்பகத்தை நான் மறுபடி தேடிப் போவதில்லை.

கவிதைத் தொகுப்பை முதல் கவிதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்லதை எல்லாரும் முன்னால்தான் வைப்பார்கள். நடுவில் திறந்து மூன்று கவிதை படியுங்கள். அதில் ஒரு வரியாவது வீடு வரைக்கும் கூட வந்தால், அடுத்த நாள் போய் வாங்குங்கள். நான் அப்படித் திரும்பிப் போனபோது இரண்டு முறை புத்தகம் விற்றுப்போயிருந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

*

என்னுடைய கதை பென்டிரைவ் கதை. அப்பா தொண்ணூறுகளின் கடைசியில் தனக்குப் பிடித்த பழைய பாடல்களையும் உரைகளையும் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் போன பிறகு அந்தப் பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்ற முயன்றேன். மொத்தத்தையும், படங்களோடு சேர்த்து, ஒரே ஜிப் கோப்பாகக் கட்டினேன். பென்டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் கோப்பு ஏறவே இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்ததுதான் காரணம், அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது முழுக்க அழிந்துவிடும், அதனால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்து வீட்டில் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வரி வரியாக ஓடியது. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. உண்மையில் எதுவும் கெட்டிருக்கவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991-இலிருந்தே இருந்தாலும் அந்தக் காலத்துக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வர வருடங்கள் ஆயின, அதுவரை திஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம், அதாவது எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் முறை, வைத்திருந்தது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது, அதுவே ஆரம்ப காலத்தில் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பிறகுதான் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அப்பா எந்த எழுத்துருவில் அடித்தார் என்பதை அவருடைய நோட்டிலிருந்து கண்டுபிடித்து, குறியேற்ற மாற்றியில் போட்டேன். முதல் கோப்பு தமிழாகத் திரையில் விரிந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படித்துக்கொண்டே நின்றார், உட்காரக்கூட இல்லை.

இப்போது மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன். பென்டிரைவை மட்டும் நம்பி வைக்காதீர்கள், அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் தங்குகிறது, வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் மெல்லக் கசிந்து போகும். அதனால்தான் இரண்டாவது பிரதி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது தாளில் அச்செடுத்து.

*

திரியைத் தொடங்கியவன்தான். பென்டிரைவ் கதையைப் படித்துவிட்டு நானும் போய் என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன், நல்லவேளையாக எல்லாம் யூனிகோடு. அந்தத் தொகுப்பை, உங்களுக்குச் சம்மதம் என்றால், எல்லாரும் படிக்கும்படி எங்காவது ஏற்றுங்கள், அப்பாவின் பெயரோடு.

புளூட்டோ விஷயம் படித்ததும் நான் எடுத்து வைத்திருந்த 500 வகுப்புப் புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தேன். திருத்திய மூன்றாம் பதிப்பு என்று இருந்தது, நிம்மதி. உரையாடலை வாய்விட்டுப் படிக்கும் சோதனையை நேற்றே செய்து பார்த்து ஒரு புத்தகத்தைத் திருப்பி வைத்தேன்.

கணினிப் புத்தகம் எந்த எண்ணில் இருக்கும் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: 004-லிருந்து 006 வரை, முதல் அலமாரியிலேயே. டூயி பட்டியல் போட்ட காலத்தில் கணினி கிடையாது, பொது நூல்களுக்கு ஒதுக்கிய 000-இல் இடம் இருந்ததால் பின்னால் அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கே எடுத்த புத்தகத்தில்தான் மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் முதன்முதலாகப் பொதுமேடையில் அதைக் காட்டிய கதை இருந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு செய்த முதல் மாதிரியின் உடம்பு மரக்கட்டையாம். என் கையிலிருந்த மவுஸை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பத்தில் ஒன்பது முடிந்தது. 400 மட்டும் பாக்கி, மொழி. இலக்கணம் என்றாலே பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். மொழியியலில் முன் அனுபவம் எதுவும் இல்லாத ஒருவன் எங்கிருந்து தொடங்கலாம்? ஒலியிலிருந்தா, எழுத்து வரலாற்றிலிருந்தா? படித்தவர்கள் சொன்னால் சனிக்கிழமை போகும்போது அந்த அலமாரியில் தேடுகிறேன்.