ஓட்டல் முதலீட்டு மாநாடுகள்: உங்களை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

மேடைப்பேனா:
ஓட்டல் உரிமையாளரும் அதை நடத்தப்போகும் நிறுவனமும் மாநாட்டு மேடையில் ஒப்பந்தம் போடும் கையெழுத்து நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நைரோபி, அடிஸ் அபாபா, கிகாலி என்று ஊர் மாறினாலும் பச்சை விரிப்பு மேசையும் இரண்டு தோல் கோப்புகளும் மாறுவதில்லை. ஒருமுறை உரிமையாளருக்குப் பேனா எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. கோப்பைத் திறந்தார். உள்ளே ஒப்பந்தம் இல்லை, அன்றைய மதிய விருந்தின் உணவுப் பட்டியல் இருந்தது! என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிரே கேமராக்கள். இனிப்பு வகைகளுக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பலத்த கைதட்டல். அந்த 180 அறைகளும் 'ஒப்பந்தமானவை' என்ற கணக்கில் ஏறிவிட்டன. மனையில் இன்றுவரை வேலி மட்டும்தான்.

லாகோஸ்வாசி:
இதில் என்ன அதிசயம்? மேடைக் கையெழுத்து படத்துக்காக. உண்மையான ஒப்பந்தம் வக்கீல் அலுவலகத்தில் முடிகிறது. ஆனால் நான் கண்டது வேறு. 2023 தொடக்கத்தில் ஓர் அமர்வு. நைஜீரிய உரிமையாளர் ஒருவர் எழுந்து, "வாடகை நைராவில் வருகிறது, கடன் தவணை டாலரில் போகிறது, இடையில் விழும் பள்ளத்தை யார் நிரப்புவது?" என்று கேட்டார். நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தேநீர் இடைவேளையில் பேசுவோம்" என்றார். இடைவேளையில் அந்த மனிதர் கோப்பையும் கையுமாகத் தனியாக நின்றார், மேடையில் இருந்த ஒருவர்கூட அருகே வரவில்லை. ஜூன் மாதம் நைரா மிதக்க விடப்பட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டாலருக்கு 470 அளவில் இருந்தது, அடுத்த பிப்ரவரியில் 1,500ஐத் தாண்டியது.

பழைய மேலாளர்:
கொழும்பில் ஒரு கருத்தரங்கு, 2022 மார்ச். திட்டமதிப்பீட்டைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய்விட்டது. கதை அவ்வளவுதான். ஆனால் உரிமையாளர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் ஓட்டலை நடத்தித் தரும் நிறுவனத்தோடு போடும் நிர்வாக ஒப்பந்தத்தைப் படியுங்கள். அந்த நிறுவனத்துக்கான அடிப்படைக் கட்டணம் மொத்த வருமானத்தில் பிடிக்கப்படுகிறது, நீங்கள் நஷ்டப்பட்டாலும் அது போகும். ஊக்கக் கட்டணம் மட்டும்தான் செயல்பாட்டு லாபத்தைச் சார்ந்தது. அதனால் செயல்திறன் சோதனையை விடாதீர்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இலக்கைத் தவறினால் விலகும் உரிமை உங்களுக்கு வேண்டும். அறைக்கலன் மாற்றும் நிதிக்கு மாதந்தோறும் எடுத்து வைப்பதையும் கடன் தவணை கட்டமுடியுமா என்று கணக்குப் போடும்போது சேருங்கள். பக்கத்திலேயே அதே பிராண்டில் இன்னொன்று வரக்கூடாது என்று எல்லையை வரைபடத்தில் கோடு போட்டே கேளுங்கள்.

கோவைக்காரி:
அறிவுரையை யாரும் கேட்கவில்லையே ஐயா. மும்பை மாநாட்டில் என் பெரியம்மாவோடு போயிருந்தேன். அவருடைய அடையாள அட்டையில் நிறுவனப் பெயர் இல்லை. வருகிறவர்களின் பார்வை முதலில் மார்பில் தொங்கும் அட்டைக்குத்தான் போகும், அங்கிருந்து நேரே அவருடைய தோளைத் தாண்டி அடுத்த ஆளைத் தேடும். மூன்றாவது ஆள் அப்படிப் போனதும் பெரியம்மா அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இப்போது முகத்தைத்தானே பார்க்கவேண்டும்" என்றார். அவிநாசி சாலையில் அவருக்கு நிலம் இருப்பது சாப்பாட்டு வேளையில் எப்படியோ தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் தயிர் சாதத்தை முடிக்க முடியவில்லை.

மேடைப்பேனா:
லாகோஸ்வாசி, அந்த உரிமையாளர் என்ன ஆனார்?

லாகோஸ்வாசி:
ஓட்டல் நடக்கிறது. ஜெனரேட்டர் டீசல் செலவு கட்டுப்படியாகாமல் மேல் இரண்டு மாடிகளை மூடிவிட்டார்.

பழைய மேலாளர்:
மூடுவதற்கு நிர்வாக நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கினாரா? ஒப்பந்தத்தில் அதற்கென்று தனி ஷரத்து இருக்கும்.